ஊசி யார் கையில் குத்துகிறது?

கடந்த சில ஆண்டுகளில் பாண்டுப் என்ற பெயர் மூன்று முறை நாடு முழுவதும் செய்தியானது. மூன்று முறையும் ஒரு மருத்துவமனையின் பெயரோடு சேர்ந்தே வந்தது. 2021 மார்ச்சில் ட்ரீம்ஸ் மாலுக்குள் இயங்கிய சன்ரைஸ் மருத்துவமனைக் கட்டடத்தில் நள்ளிரவில் தீ பரவி, கொரோனா நோயாளிகள் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில், மாநகராட்சியின் சாவித்திரிபாய் புலே மகப்பேறு மருத்துவமனையில், தனியாரிடம் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டிருந்த பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒருசில நாட்களுக்குள் நான்கு சிசுக்கள் கிருமித்தொற்றுக்குப் பலியாயின. 2024 ஏப்ரல் இறுதியில் சுஷ்மா ஸ்வராஜ் மகப்பேறு இல்லத்தில் ஓர் இளம் தாயும் சேயும் இறந்தனர். மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் இயங்காமல், கைப்பேசி வெளிச்சத்தில் அறுவை சிகிச்சை நடந்தது என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர்.

நோயாளிகளைப் பற்றி ஏடுகள் எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் தரமற்ற மருத்துவமனை நோயாளியை மட்டும் பலிகொள்வதில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் கத்தியும் தையல் ஊசியும் கைமாறும் இடத்தில் அவை யார் விரலில் வேண்டுமானாலும் இறங்கலாம். அறுவை முடிந்தபின் இரத்தத் துணிகளை அள்ளுகிறவர், பையைக் கட்டுகிறவர், தரையைக் கழுவுகிறவர் எல்லோருடைய விரலும் அந்தக் கணக்கில் அடங்கும். மும்பை மருத்துவமனைகளில் இவர்களுக்குப் பெயர் கிடையாது. பெண்ணென்றால் ‘மாவ்ஷி’, ஆணென்றால் ‘மாமா’. உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் அதே நிர்வாகத்திடம் இவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டால், அதை ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள் என்ற பதில் வருகிறது.

நோயின் கணக்கைத் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது. இரத்தத்தின் வழியாகப் பரவி மருத்துவமனைத் தொழிலாளரை அச்சுறுத்தும் வைரசுகளில் முக்கியமானவை மூன்று. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைட்டிஸ் சி என்றால் நூற்றுக்குச் சுமார் இரண்டு. ஹெபடைட்டிஸ் பி வைரசு உடலில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஒருவரின் இரத்தமாக இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தக் கறையிலும் இந்த வைரசு குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். மூன்றிலும் அதிகம் பரவக்கூடியது இதுதான். தடுப்பூசி இருப்பதும் இதற்கு மட்டுமே.

தொற்றிய வயது வந்தோரில் பெரும்பாலோர் தாமாகவே குணமடைகிறார்கள் என்பது உண்மை. நூற்றுக்கு ஐந்து பேரளவில் வைரசு உடலிலேயே தங்கிவிடுகிறது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தெரியாது. கண் மஞ்சளித்தால்தானே காமாலை என்று நினைத்து, அதற்கும் கீழாநெல்லியைத் தேடுவது நம் மக்களின் வழக்கம். கண்ணும் மஞ்சளிக்காமல், உடலும் சோராமல், கல்லீரல் மட்டும் மெல்லச் சுருங்கிக் கொண்டிருக்கும். ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ அது வெளிப்படும் நாளில் எந்த வார்டில் எந்த ஊசி குத்தியது என்று யாரும் தேடப் போவதில்லை. ஒப்பந்ததாரருக்கு இதைவிட வசதியான நோய் வேறெது? 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் பேர் ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது. ஆகவே, எந்த நோயாளியின் இரத்தத்தில் ஆபத்து இருக்கிறது என்று ஒரு மாவ்ஷி கண்டறிந்து ஒதுங்கிக்கொள்ள வழியே இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின் நான்காவது விதி, மருத்துவமனையை நடத்துபவரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. அனைத்து சுகாதாரப் பணியாளருக்கும், கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிரான தடுப்பூசி போடுவது அக்கடமைகளுள் ஒன்று. ‘மற்றவர்களுக்கும்’ என்ற சொல்லைத் தோழர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். நிரந்தர ஊழியர் என்றோ சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர் என்றோ அந்த விதி சொல்லவில்லை. கழிவைத் தொடுகிறவர் என்றுதான் சொல்கிறது. பணியில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை, பயிற்சி, பாதுகாப்பு உடை, ஊசி குத்திய விபத்துகளைப் பதிவு செய்தல் ஆகியவையும் அதே விதியில் உள்ள கடமைகளே.

பின் எங்கே தடைப்படுகிறது? மருந்தின் விலையில் என்று ஒருகாலத்தில் சொல்ல முடிந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் தடுப்பூசி ஒரு தவணைக்குப் பல நூறு ரூபாய் விற்ற காலம் அது. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் விலை சரிந்தது. (அந்த நிறுவனமும் 2009இல் பிரெஞ்சுப் பன்னாட்டு நிறுவனமான சனோபியின் கைக்குப் போனது தனிக்கதை.) 2011க்குள் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் சேர்க்கப்பட்டுவிட்டது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் சுகாதாரப் பணியாளருக்கான தடுப்பூசியையும் தன் பணிகளில் ஒன்றாக அறிவித்தது. பணமில்லை, மருந்தில்லை என்ற இரண்டு சாக்குகளும் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தடை வேலைமுறையிலேயே இருக்கிறது. இந்தத் தடுப்பூசி மூன்று தவணையாகப் போடப்படுவது. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அதற்குப்பின் ஓரிரு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்து எதிர்ப்பாற்றல் உருவானதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதாவது ஒரே தொழிலாளியை ஒரே நிர்வாகம் ஏழெட்டு மாதங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தமுறை எதற்காகப் படைக்கப்பட்டதோ அதற்கு நேர்மாறான செயல் இது. யாரையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல் இருப்பதே அதன் இலாபம். டெண்டர் மாறும், நிறுவனத்தின் பெயர் மாறும், சீருடையின் நிறம் மாறும். அதே பெண் அதே வார்டில் அதே துடைப்பத்தோடு நிற்பார், ஏட்டில் மட்டும் அவர் நேற்றுச் சேர்ந்தவர். முதல் தவணை பழைய ஒப்பந்ததாரரின் கணக்கு. இரண்டாவது தவணைக்குப் புதியவர் பொறுப்பேற்க மாட்டார். மூன்றாவதைப் பற்றிப் பேச ஆளே இல்லை. தவணை தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது மருத்துவம் சொல்லும் ஆறுதல். ஆனால் விட்ட இடம் எது என்று எழுதிவைத்த சீட்டு தொழிலாளியின் கையில் இருந்தால்தானே?

இப்போது இந்த வேலைமுறைக்கு நாடாளுமன்றத்தின் முத்திரையும் கிடைத்துவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றியது. நிறுவனத்தின் ‘மையச் செயல்பாட்டில்’ ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக் கூடாது என்று அது பெருந்தன்மையோடு தொடங்குகிறது. தொடங்கிய கையோடு, எவையெல்லாம் மையச் செயல்பாடு அல்ல என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலின் முதல் இனம் துப்புரவுப் பணி: பெருக்குதல், துடைத்தல், எல்லா வகைக் கழிவையும் சேகரித்து அகற்றுதல். துப்புரவுக்கென்றே அமைந்த நிறுவனமாக இருந்தால்தான் அது மையமாகுமாம். மருத்துவமனையில் தூய்மை மையச் செயல்பாடு இல்லையென்றால் வேறு எங்கே அது மையம்? பாண்டுப்பில் நான்கு சிசுக்களைக் கொன்றது தொற்று. ஒரு மருத்துவமனையில் தொற்றைத் தடுக்கும் முதல் வேலையையே புறவேலை என்று எழுதிவைத்துவிட்டுப் ‘பாதுகாப்பு’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் கூட மும்பையில் இந்த அறிவு இருந்தது. 1896இல் மாண்ட்வியில் பிளேக் வெடித்து, மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடியபோது, நகராட்சி ஆணையர் ஸ்நோ பெரிதும் அஞ்சியது மலம் அள்ளும் ஹலால்கோர் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களோ என்பதற்குத்தான். அவர்கள் போனால் நகரமே அழியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள்மேல் பிறந்த அன்பன்று அது, கணக்கு. அந்தக் கணக்குக்கூட இன்றைய சட்டத்தை எழுதியவர்களுக்கு வரவில்லை.

நிர்வாகங்களின் வழக்கமான பதில் ஒன்று உண்டு. ‘இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை. கையுறை கொடுத்தால் போடுவதில்லை.’ கழிவுப் பைக்குள் கிடக்கும் ஊசியை மெல்லிய ரப்பர் கையுறை நிறுத்தாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஊசி பைக்குள் எப்படி வந்தது? கூர்மையான பொருட்கள் துளைபடாத வெள்ளைக் கலனுக்குள் போக வேண்டும் என்று விதி சொல்கிறது. கலன் நிரம்பி வழிந்தால், அல்லது கட்டிலிலிருந்து இருபது அடி தள்ளி இருந்தால், ஊசி மெத்தை விரிப்பிலும் சிவப்புப் பையிலும்தான் போய்ச் சேரும். அப்படியானால் செவிலியரின் அலட்சியமா? ஒருவர் பார்க்க வேண்டியதைப் போல இரண்டு மூன்று மடங்கு நோயாளிகளை இரவு முழுவதும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் செவிலியர், ஊசிக்கு மறுபடி மூடி போடும் அவசரத்தில் முதலில் தன் விரலைத்தான் குத்திக்கொள்கிறார். மருத்துவர், செவிலியர், ஆய்வக உதவியாளர், மாவ்ஷி, இறுதியில் கழிவு வண்டியில் பையைத் தூக்கிப்போடும் தொழிலாளி என்று ஊசி கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு படியிலும் தடுப்பூசியும் பரிசோதனையும் மருத்துவ விடுப்பும் குறைந்துகொண்டே போகின்றன. மிகக் குறைந்த கூலி வாங்குபவரிடம் மிகக் குறைந்த பாதுகாப்போடு வந்து சேர்வதற்கு விழிப்புணர்வின்மை என்று பெயர் வைப்பது மோசடி. செவிலியரையும் துப்புரவுத் தொழிலாளியையும் ஒருவரையொருவர் குறைகூற வைப்பதில் மட்டும் நிர்வாகங்கள் தேர்ச்சி பெற்றுள்ளன.

சுவரொட்டிகளாலும் சொற்பொழிவுகளாலும் இது தீர்ந்த நாடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலேயே தடுப்பூசி வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவமனைத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தொற்றுக்கு ஆளாகிக்கொண்டே இருந்தனர். 1986இல் அங்குள்ள பொதுத்துறை ஊழியர் சங்கம் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள் அரசிடம் மனுக்கொடுத்து ஐந்தாண்டுகள் விடாமல் போராடிய பிறகே, 1991 டிசம்பரில் கட்டாய விதி பிறந்தது. ஆபத்துள்ள பணியில் அமர்த்திய பத்து வேலை நாட்களுக்குள், முதலாளி தன் செலவில், தடுப்பூசி போட முன்வர வேண்டும் என்றது அவ்விதி. தடுப்பூசியும் இத்தகைய விதிமுறைகளும் சேர்ந்து, மருத்துவமனைத் தொழிலாளரிடையே தொற்று பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2000இல் வந்த அடுத்த சட்டம், பாதுகாப்பான ஊசிகளைத் தேர்ந்தெடுப்பதில் அவற்றைக் கையாளும் தொழிலாளரின் கருத்தையும் கேட்டாக வேண்டும் என்றது. மூலதனத்தின் தலைநகரிலேயே தொழிற்சங்கம் பெற்றுத்தந்த உரிமை இது. இங்கே விதி ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது. அதை நிறைவேற்ற வைக்கும் சங்க வலிமைதான் சேரவில்லை.

தொற்றிய பின் தொழிலாளிக்கு என்ன நேர்கிறது என்பதைப் பேசாமல் தடுப்பூசியைப் பற்றி மட்டும் பேசுவது பாதி உண்மை. மும்பையின் தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்யும் தென்னாட்டுச் செவிலியர் பலருக்கு வளைகுடா வேலை ஒரு கனவு. ஊர்க்கடனும் தங்கை திருமணமும் அந்தக் கனவை நம்பியே நிற்கின்றன. வளைகுடா நாடுகளுக்கான மருத்துவச் சோதனையில் ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தால் ‘தகுதியற்றவர்’ என்ற முத்திரை விழும், விசா கிடையாது. இந்தியாவில் நோயாளிக்கு ஊசி போட்டு வாங்கிய நோய்க்காக அரபு நாட்டில் வேலை மறுக்கப்படுகிறது. நோயைக் கொடுத்த மருத்துவமனைக்கோ அதில் ஒரு ரூபாய் செலவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று இந்தியாவில் 2017இல் சட்டம் வந்தது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அப்படி ஒரு தனிச்சட்டம் கிடையாது. சீனத்தில் வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குவது 2010இல் தடை செய்யப்பட்டது. இங்கே ஆள் எடுக்கும்போது சோதித்து, தொற்று இருந்தால் வெளியே அனுப்புவதற்குத் தடையேதும் இல்லை. அதனால்தான் ஊசி குத்தியதும் தொழிலாளி முதலில் செய்வது விரலை வாயில் வைப்பதும் விஷயத்தை மறைப்பதும். அப்படி மறைப்பது அவரது அறியாமையால் அன்று, வேலை போய்விடும் என்ற அனுபவ அறிவால். குத்திய 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் தொற்றைத் தடுத்துவிடலாம். அந்த 24 மணி நேரத்தைப் பயம் தின்றுவிடுகிறது.

இழப்பீட்டுக்கும் வழி உண்டு என்பதைச் சங்கங்களே பல சமயம் மறந்துவிடுகின்றன. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழில்சார் நோய்களின் வரிசையில் முதலாவதாக இருந்தவை, சுகாதார, ஆய்வகப் பணிகளில் பெறப்படும் தொற்றுநோய்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த வரியை அப்படியே வைத்திருக்கிறது. அந்தப் பணியில் இருப்பவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால் பணியில் சேர்ந்தபோது தொற்று இல்லை என்று காட்டும் சோதனைச் சீட்டு இல்லாவிட்டால், ‘முன்பே இருந்தது’ என்று முதலாளி சொல்லித் தப்ப வழி பிறக்கும். சேரும்போது சோதனை செய்யாமல் விடுவதால் நிர்வாகத்துக்குக் கிடைக்கும் இலாபம் இதுதான்.

2019 பிப்ரவரியில் மும்பையில் ஒரு விழா நடந்தது. வைரல் ஹெபடைட்டிசை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை ஒன்றிய அரசு அங்கே வெளியிட்டது. மேடையில் அமிதாப் பச்சன் இருந்தார். 1982இல் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டு, உயிர்காக்க ஏற்றிய இரத்தத்தின் வழியே ஹெபடைட்டிஸ் பி தொற்றியவர் அவர்; அதை வெளிப்படையாகச் சொல்லி வருவது பாராட்டுக்குரியது. கூலியாக நடித்தவருக்குத் தொற்றியதை நாடே அறியும். மருத்துவமனைக் கூலிகளுக்குத் தொற்றியதை அவர்களின் மேற்பார்வையாளரே அறியார்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் பேசியாக வேண்டும். தேர்தல் காலங்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். பந்தல், பதாகை, முதல் தவணை, புகைப்படம். ஒரு மாதம் கழித்துப் பந்தலும் இருக்காது, இரண்டாம் தவணையும் இருக்காது. இடதுசாரிச் சங்கங்களும் இந்தப் பழக்கத்திலிருந்து முழுதும் தப்பிவிடவில்லை. இன்னொரு பக்கம், ‘ஆபத்துப் படி’ என்று மாதம் சில நூறு ரூபாய் வாங்கித் தருவதையே வெற்றியாகக் கருதும் போக்கும் சங்கங்களில் இருக்கிறது. ஆபத்தை நீக்கச் சட்டமும் மருந்தும் இருக்கும்போது, ஆபத்துக்கு விலை பேசுவது தொழிலாளியின் கல்லீரலைத் தவணைமுறையில் விற்பதாகும்.

‘முதலில் பணி நிரந்தரம், தடுப்பூசியெல்லாம் பிறகு’ என்று வாதிடும் தோழர்களும் உண்டு. அவர்களின் அக்கறை நியாயமானது, வரிசைதான் தவறு. மும்பை மாநகராட்சியின் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர் 2,700 பேரை நிரந்தரமாக்க வேண்டும் என்று கச்ரா வாஹ்துக் ஷ்ரமிக் சங் நடத்திய வழக்கில், தொழில் தீர்ப்பாயம் 2014இல் தீர்ப்பளித்தது. அவர்கள் தன் தொழிலாளர்களே அல்லர் என்று உச்சநீதிமன்றம் வரை வாதாடிய மாநகராட்சி, 2017 ஏப்ரல் 7 அன்று தோற்றது. தீர்ப்பு வந்தபின்பும் மூன்றாண்டுகள் காக்க வைத்தார்கள். வைரசு அப்படிக் காத்திருப்பதில்லை. அத்தோடு, இந்த இரண்டு கோரிக்கைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மருத்துவமனையே தன் பதிவேட்டில் பெயரெழுதி, தன் முத்திரையோடு தடுப்பூசி அட்டை கொடுத்தால், அவர் எந்தத் தேதியிலிருந்து எந்த வார்டில் வேலை செய்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எது? ஒப்பந்ததாரர் மாறினாலும் அட்டை மாறாது. நிர்வாகங்கள் அந்த அட்டையைக் கொடுக்கத் தயங்குவதற்கு மருந்தின் செலவு காரணம் என்று யாரும் நம்ப வேண்டாம்.

எல்.பி.எஸ். மார்க்கின் இருபுறமும் ஆலைகள் நிறைந்திருந்த காலத்தில், பாண்டுப்பின் தொழிற்சங்கங்கள் இயந்திரத்தில் விரல் போனால் அன்றே வாசலில் நின்றன. ஆலைகள் பல மூடி, மால்களும் அடுக்குமாடிகளும் தனியார் மருத்துவமனைகளும் எழுந்துவிட்ட இடத்தில், அந்த ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வார்டு துடைக்கிறார்கள். விரல் போகவில்லை, விரலில் ஒரு சிறு துளை, ஒரு சொட்டு இரத்தம், தண்ணீரில் கழுவினால் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த விபத்துக்காகவும் சங்கங்கள் வாசலில் நிற்கப் பழக வேண்டும்.

அதற்கான கருவி ஒன்று விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான்காம் படிவத்தில் அறிக்கை தர வேண்டும். அதைத் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். ஆண்டில் நடந்த விபத்துகள் எத்தனை, பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. பாண்டுப், முலுண்ட், காட்கோபர் பகுதிகளின் தோழர்கள் தத்தம் பகுதி மருத்துவமனைகளின் அறிக்கைகளை எடுத்து, அந்தக் கட்டத்தைப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஊசிகள் பயன்படும் ஒரு மருத்துவமனை அங்கே பூஜ்யம் என்று எழுதியிருந்தால், அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு மாலை ஷிப்டு முடியும் நேரத்தில் பின்வாசலுக்குப் போய், வெளியே வரும் மாவ்ஷிகளிடம் இதுவரை எத்தனை முறை குத்தியது, எத்தனை தவணை போட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, பெயரில்லாமல் பதில்களை எழுதி வாங்கட்டும். வாரியத்தின் முன்பும் மாநகராட்சி சுகாதார அதிகாரியின் முன்பும் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் அடுத்த வேலை.